குழாயைப் பெரிதாக்கினால் போதுமா? டெல்டாவில் பழைய கல்வெர்ட்டை மாற்றும்போது கேட்க வேண்டியவை

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பக்கம் உங்கள் ஊர். ஊர் எல்லையில் நெடுஞ்சாலைக்கு அடியில், வாய்க்கால் தண்ணீர் சாலையைக் கடந்து போக, ஒரு பழைய கல்வெர்ட்டு இருக்கிறது. 90 சென்டிமீட்டர் குழாய் இரண்டு, அதில் ஒன்று நடுவில் உடைந்து மண் அடைத்துக் கிடக்கிறது. கார்த்திகை மழையில் சாலைக்கு மேற்கே உள்ள சம்பா வயல் நாள்கணக்கில் மூழ்குகிறது. சாலையை அகலப்படுத்தும்போது 120 சென்டிமீட்டர் குழாய் இரண்டு போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். இது போதுமா என்பது உங்கள் முதல் கேள்வி. ஆனியில் புதுத்தண்ணீர் வந்ததும் வயல்வரை மீன் ஏறும், இப்போது ஏறுவதில்லை என்கிறார் உங்கள் அப்பா. அதற்கும் கல்வெர்ட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பது இரண்டாவது.

தம்பி, போதாது. அப்பா சொல்வதும் சரி. பயிர் மூழ்குவதும் மீன் ஏறாததும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். வாய்க்கால் சாலையைக் கடக்கும் இடத்தில் அதன் அகலத்தையும் தரையையும் நாம் பறித்துவிட்டோம். அந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்தால் பயிரும் பிழைக்கும், மீனும் ஏறும், சாலையும் நிற்கும்.

நீங்கள் எழுதியிருந்த அளவையே வைத்துக் கணக்குப் போடுவோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது மேலே 4 மீட்டர் அகலம், தரையில் 2 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர். அப்படியானால் தண்ணீர் ஓடும் பரப்பு 3.6 சதுர மீட்டர். இரண்டு 90 சென்டிமீட்டர் குழாயும் ஒழுங்காக இருந்தாலே அவற்றின் பரப்பு 1.27 சதுர மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு சொச்சம். வாய்க்காலில் நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் ஆடி அசைந்து வருகிற தண்ணீர், குழாய்க்குள் நுழைந்ததும் நொடிக்கு 1.1 மீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும். 120 சென்டிமீட்டர் குழாய் இரண்டு போட்டால் பரப்பு 2.26 ஆகும், வேகம் நொடிக்கு 64 சென்டிமீட்டருக்கு இறங்கும். முன்னைக்குத் தேவலை, அவ்வளவுதான்.

இனி மீன் பக்கம் வாருங்கள். ஒரு மீன் களைக்காமல் வெகுநேரம் நீந்தக்கூடிய வேகம், தோராயமாக நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. உயிரைக் கொடுத்துப் பாய்ந்தால் பத்து மடங்கு வரை போகும், ஆனால் அது சில நொடிகளுக்குத்தான். 8 சென்டிமீட்டர் கெண்டைக்கு இது நிதானமாக 20 சென்டிமீட்டர், பாய்ச்சலில் 80 சென்டிமீட்டர். 64 சென்டிமீட்டர் வேகத்தில் எதிரே வரும் தண்ணீரில் அது பாய்ந்தால் நொடிக்கு 16 சென்டிமீட்டர்தான் முன்னேறும். சாலையின் அகலம், ஓரம் எல்லாம் சேர்த்துக் குழாய் 12 மீட்டர் நீளம். இரண்டு மீட்டர் போவதற்குள் அதன் தெம்பு தீர்ந்துவிடும். கான்கிரீட் குழாய்க்குள் ஒதுங்கி நிற்க ஒரு கல் கிடையாது, ஒரு கோரைத்தூர் கிடையாது. தண்ணீர் அதைத் திரும்பத் தூக்கி எறிந்துவிடும். பெரிய விரால் ஒன்று இரண்டு முட்டி மோதி ஏறலாம். கெளுத்தி, குறவை, ஆரால், அயிரை, உளுவை இவற்றின் குஞ்சுகளுக்கு வழியே இல்லை.

பனையேறி இருக்கிறதே, அது ஏறிவிடாதா என்று நம் பக்கம் சொல்வார்கள். பனையேறி கெண்டை ஈரத்தில் தரைமேலேயே நகரக்கூடியது என்பது உண்மைதான். நம் தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறக் கண்டதாக டேல்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் எழுதிய குறிப்பு 1797-லேயே லண்டன் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வுச் சங்கத்தில் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரு மீனுக்கு அந்தத் திறமை இருப்பதை வைத்து மற்ற மீன்களுக்கு வழி வைக்காமல் இருக்க முடியாது.

நம் டெல்டாவில் மீனின் வருஷம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தான் அப்பா சொல்வதன் கனம் புரியும். ஜனவரி 28-ஆம் தேதி வழக்கப்படி மேட்டூர் மூடினதும் ஆறு வாய்க்கால் எல்லாம் படிப்படியாக வற்றும். மாசி பங்குனியில் மீன் உயிரோடு இருப்பது கோயில் குளம், ஊர்க் குட்டை, ஆற்று மடு, ரெகுலேட்டருக்கு (ஷட்டர் வைத்துத் தண்ணீரைத் தடுத்துத் திருப்பும் கட்டடம்) கீழே உள்ள பள்ளம், இப்படிச் சில இடங்களில் மட்டும்தான். விரால், குறவை, தேளி, பனையேறி மாதிரி நேராகக் காற்றை எடுத்துக்கொள்ளக்கூடிய மீன்கள் சேற்றிலும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வெண்ணாற்றில் தண்ணீர் வந்து, உங்கள் வாய்க்காலுக்கு இறங்கும்போது இந்த மீன்கள் எல்லாம் எதிர்நீச்சல் போட்டு மேலே வரும். வயலில் தண்ணீர் கட்டியிருக்கும் இடம்தான் அவற்றுக்குப் பிள்ளை பெறும் வீடு. ஆழம் குறைவு, வெதுவெதுப்பு, புழு பூச்சி நிறைய, பெரிய மீனின் தொல்லை குறைவு. ஐப்பசி மழையில் இன்னொரு முறை இதே மாதிரி ஏறும். குஞ்சுகள் வளர்ந்து, தண்ணீர் வடியும்போது வடிகால் வழியாகத் திரும்ப இறங்கும்.

கடல் பக்கத்திலிருந்தும் வரத்து உண்டு. விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகிற மீன். கொடுவாவின் குஞ்சு முகத்துவாரத்திலிருந்து நல்ல தண்ணீருக்கு ஏறி வளரும். மடவையும் இறாலும் உப்பு கலந்த தண்ணீர்வரை வந்து போகும். முத்துப்பேட்டைக் காயலுக்கு நம் ஆறுகள் வெறும் தண்ணீரை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, இந்தப் போக்குவரத்தையும் தாங்கி நின்றன. இந்த வழியில் பெரிய தடைகள் ரெகுலேட்டர்களும் படுக்கை அணைகளும்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ரெகுலேட்டர் ஷட்டர் சில நாளாவது முழுக்கத் தூக்கியிருக்கும், அப்போது வழி திறக்கும். குறுகிய குழாய் வருஷம் முழுக்கக் குறுகிய குழாய்தான்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். பொறியாளர்களே பல பேர் கண்டுகொள்ளாமல் விடுவது. வெளிநாட்டில் கல்வெர்ட்டு மீனைத் தடுப்பதைப் பற்றி எழுதும்போது, மலைச்சரிவு ஓடையில் தண்ணீர் குழாயிலிருந்து அருவி போலக் கீழே விழும் படத்தைப் போடுவார்கள். நம் பூமியில் சரிவே கிடையாது. கல்லணையிலிருந்து கடல்வரை கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறக்கமில்லை, உங்கள் பக்கம் இன்னும் தட்டை. அப்படியானால் இங்கே அந்தத் தொல்லை இருக்காது என்று தோன்றும். ஆனால் இருக்கிறது. காரணம் தூர்வாரல்.

கோடையில் ஒருமுறை வாய்க்காலுக்குள் இறங்கி, கல்வெர்ட்டின் கீழ்ப்பக்கம் நின்று பாருங்கள். பொக்லைன் வாய்க்காலைத் தோண்டிக்கொண்டே வந்து கல்வெர்ட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் கையை நிறுத்தியிருக்கும். குழாய்க்குள் அது நுழைய முடியாது, தளத்தை இடித்தாலும் பொல்லாப்பு. அதனால் அங்கே ஒரு மேடு நிற்கும். அதைத் தாண்டிக் குழாயின் அடிமட்டம், வாய்க்கால் தரையிலிருந்து ஒரு முழம் மேலே அந்தரத்தில் தெரியும். கான்கிரீட் தளத்தின் விளிம்புக்கு அடியில் மண் அரித்துப் பொந்து விழுந்திருக்கும், கையை விட்டால் முழங்கைவரை போகும். வருஷாவருஷம் வாய்க்கால் ஆழமாகிக்கொண்டே போக, கல்வெர்ட்டின் தளம் மட்டும் கட்டிய நாளின் உயரத்திலேயே நிற்கிறது. ஆனியில் முதல் தண்ணீர் மெலிதாக வரும்போது அது வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டின சுவர். மீன் வந்து அந்த விளிம்பில் முட்டும், துள்ளும், விழும். மீன் குழாய்க்குக் கீழே குவிந்துவிடுவதால் அங்கே கூடு வைப்பவருக்கும் வலை கட்டுபவருக்கும் ஒரே நாளில் கூடை நிறையும், வயல் பக்கத்துக்கு ஒன்றும் போகாது. அப்பா பார்த்த காலத்தில் தரையும் தளமும் ஒரே மட்டத்தில் இருந்திருக்கும்.

குழாய்க்குள் இருக்கும் மண்ணும் இதனால்தான் எடுபடுவதில்லை. 90 சென்டிமீட்டர் ஓட்டைக்குள் மண்வெட்டியோடு யார் குனிந்து போவார்கள்? இரண்டு பக்கமும் தூர்வாரிப் படம் எடுத்துவிட்டு, நடுவில் அடைப்பை அப்படியே விட்டால் செலவழித்த காசு எல்லாம் வீண்.

வெள்ளக் கணக்குக்கு வருவோம். பெருமழையில் வரத்து மூன்று மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவில் நொடிக்கு 4.3 கன மீட்டர். இதை இரண்டு 90 சென்டிமீட்டர் குழாய் வழியாகத் தள்ள, மேல்பக்கம் தண்ணீர் கீழ்ப்பக்கத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் ஏறி நின்றால்தான் முடியும். அவ்வளவு உயரம் சாலைக்கே கிடையாது, அதனால் சாலைமேல் வழிகிறது. ஒரு குழாய் அடைத்திருக்கும்போது கேட்கவே வேண்டாம். புதிதாகச் சொல்லும் 120 சென்டிமீட்டர் குழாய்களுக்கு இந்த ஏற்றம் ஏறக்குறைய ஓர் அடி. ஓர் அடிதானே என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நம் தட்டையான பூமியில் அந்த ஓர் அடி, மேலே ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்த் தேங்கும். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத தாளடிப் பயிருக்கு ஓர் அடித் தண்ணீர் கூடுதலாக நின்றால் தலை மூழ்கிவிடும். அதே இடத்தில் 5 மீட்டர் அகலத்துக்கு ஒரு பெட்டிப் பாலம் (தளம், பக்கச் சுவர், மேல்தளம் எல்லாம் சேர்த்துப் பெட்டி போல வார்த்த கல்வெர்ட்டு) இருந்தால் ஏற்றம் சில சென்டிமீட்டர்தான். சாதாரண நாளில் அதில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 24 சென்டிமீட்டர். ஓரத்தில் கல்லும் மண்ணும் இருந்தால் அங்கே இன்னும் குறையும், அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு 8 சென்டிமீட்டர் கெண்டை ஏறிப் போய்விடும்.

வாய்க்காலின் உண்மையான வெள்ள வரத்தை நீர்வளத்துறைதான் தர வேண்டும். நான் போட்டது உதாரணக் கணக்கு. ஆனால் கூட்டிப் போட்டுவிட்டோமோ என்ற பயம் வேண்டியதில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் பார்த்தோம். அந்த மாதிரி மழையில் அகலமான வாய்க்கால்கூடத் திணறும். குழாய்கள் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டாம்.

சாலை உடைவதும் இதனால்தான். மேல்பக்கம் தண்ணீர் ஏறி நின்றால் அது குழாய்க்குள் மட்டும் போகாது, குழாயின் வெளிச்சுவரை ஒட்டி மண்ணுக்குள்ளும் வழி தேடும். குழாய் இணைப்பு விலகியிருந்தால் அங்கே மண் துளித்துளியாய் உள்ளே உதிரும். மேலே தார் அப்படியே இருக்கும், அடியில் பொந்து. ஒருநாள் நெல் லாரி ஏறும்போது பொசுக்கென்று உள்வாங்கும். உங்கள் உடைந்த குழாய்க்கு மேலே சாலையில் பள்ளம் விழுந்து விழுந்து ஒட்டுப் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது இதன் ஆரம்பம். அதைக் காலம் தாழ்த்தாமல் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அகலமான கல்வெர்ட்டு மீனுக்காகச் செய்யும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அமெரிக்காவின் அனுபவத்தைச் சொல்லலாம். வாஷிங்டன் மாநிலத்தில் சாலைக் கல்வெர்ட்டுகள் சால்மன் மீனின் வழியை அடைத்தன. ஒப்பந்தப்படி மீன்பிடி உரிமை பெற்ற பழங்குடிகள் வழக்குப் போட்டார்கள். 2013-ல் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான கல்வெர்ட்டுகளை மாற்றச் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்த உத்தரவே நிலைத்தது. அங்கே பின்பற்றும் ஒரு விதி எளிமையானது: ஓடை கரை நிரம்ப ஓடும்போது உள்ள அகலத்தைப் போல 1.2 மடங்கு, அதோடு 2 அடி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வெர்மான்ட் மாநிலத்தில் நடந்தது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் மழையில் அங்கே சாலைகளும் கல்வெர்ட்டுகளும் வரிசையாக அடித்துச் செல்லப்பட்டன. ஓடையின் அகலத்தையும் தரையையும் மாற்றாமல், மீன் போகட்டும் என்று கட்டியிருந்த கடப்புகள் அந்த வெள்ளத்தில் நின்றன. மீனுக்கு இடம் விட்டால் வெள்ளத்துக்கும் இடம் கிடைக்கிறது, மரமும் குப்பையும் மாட்டாமல் போகிறது. மலை ஓடைக்கும் நம் வடிகாலுக்கும் வித்தியாசம் நிறைய, ஆனால் இந்தக் காரணம் இரண்டுக்கும் பொதுவானது.

சரி, என்ன கேட்பது?

அகலம் முதலில். உங்கள் வாய்க்காலுக்கு 5 மீட்டர் உள்ளகலம் உள்ள ஒரே கண் பெட்டிப் பாலம், அதாவது நடுவில் சுவர் இல்லாத ஒரே திறப்பு, கேளுங்கள். இந்திய சாலை காங்கிரஸ் கணக்கில் மொத்த நீளம் 6 மீட்டர் வரைக்கும் கல்வெர்ட்டுதான், அதைத் தாண்டினால் சிறு பாலம். 5 மீட்டர் உள்ளகலமும் இரண்டு பக்கச் சுவரும் சேர்த்து அந்த 6 மீட்டருக்குள் அடங்கிவிடும், அதனால் வகை மாறுகிறது என்ற சாக்குக்கு இடமில்லை. இரண்டரை மீட்டர் கண் இரண்டு என்பார்கள், அதுதான் மலிவு. நடுச்சுவர் வேண்டாம் என்று வாதாடுங்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வந்து அந்தச் சுவரில்தான் முதலில் மாட்டும். ஒன்று மாட்டினால் மீதி எல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அடிமட்டம்தான் உயிர்நாடி. பெட்டியின் தளம், வாய்க்காலின் வடிவமைப்புத் தரையிலிருந்து அரை மீட்டராவது கீழே இருக்க வேண்டும். வடிவமைப்புத் தரை என்று அழுத்திச் சொல்கிறேன். இன்று மண் மேடிட்டுக் கிடக்கும் மட்டத்தையோ, போன வருஷம் பொக்லைன் அளவுக்கு மீறித் தோண்டிய மட்டத்தையோ எடுத்துவிடக் கூடாது. நீர்வளத்துறையிடம் அந்த வாய்க்காலின் நீள்வெட்டு மட்டங்கள் (நீளவாக்கில் இடத்துக்கு இடம் தரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கு) இருக்கும், அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்த அரை மீட்டரை வாய்க்கால் மண்ணாலும் கொஞ்சம் கல்லாலும் நிரப்பிவிட வேண்டும். அப்போது மீனுக்குக் கால்வைக்கும் இடத்தில் கான்கிரீட் இருக்காது, தன் வாய்க்கால் தரையே இருக்கும். பிற்காலத்தில் தூர் கொஞ்சம் ஆழமாக எடுத்தாலும் படி தலைகாட்டாது.

அகலம் கூட்டும்போது ஒரு தவறு நேரலாம். தண்ணீர் குறைந்த நாளில் 5 மீட்டருக்கும் பரவி மூன்று விரற்கடை ஆழத்தில் ஓடினால் மீன் முதுகு வெளியே தெரியும், கொக்குக்கு விருந்து. அதனால் உள்ளே நிரப்பும் மண்ணை நடுவில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பள்ளமாகவும், ஓரங்களில் மேடாகவும் அமைக்கச் சொல்ல வேண்டும். ஓரமேட்டில் ஆமையும் நீர்ப்பாம்பும் கீரியும் சாலையில் அடிபடாமல் அந்தப் பக்கம் போகும்.

உயரம்: வாய்க்கால் தரையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை 2 மீட்டர் இருந்தால் ஆள் நிமிர்ந்து போய் மண் எடுக்கலாம். சாலை மட்டம் அதற்குப் போதாவிட்டால் இரண்டு பக்கமும் சாலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். எப்படியும் ஒவ்வொரு முறை அகலப்படுத்தும்போதும் சாலையை உயர்த்தத்தான் செய்கிறார்கள். உயர்த்திய சாலை என்பது வடிகாலுக்குக் குறுக்கே போட்ட கரை என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். கரை உயர உயர, அதில் விடுகிற வழியும் பெரிதாக வேண்டும்.

அகலப்படுத்தும்போது இன்னொரு பழக்கம் உண்டு. பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் புதுக் குழாயை ஒட்டி நீட்டிவிடுவார்கள். உடைந்த குழாய் நடுவில் அப்படியே புதைந்துவிடும், வழியும் இன்னும் நீளமாகிவிடும். இதற்கு மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டுமானத்தைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் ஊர் கடலுக்குத் தூரம் இல்லை, நிலத்தடியில் உப்பு ஏறிய பகுதி. உப்பு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடித்து வீங்கும், கான்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால் கம்பிக்கு மேல் மூடல் கனமாக இருக்கிறதா, உப்பைத் தாங்கும் வகை சிமெண்ட் போடுகிறார்களா என்று பாருங்கள். களிமண் பூமியில் பெட்டிப் பாலம் நல்ல தேர்வு, பாரத்தை அடித்தளம் முழுக்கப் பரப்பும். இரண்டு முனையிலும் தளத்துக்குக் கீழே ஆழமாக இறங்கும் தடுப்புச் சுவர் வேண்டும், மண் அரிப்பதை அதுதான் நிறுத்தும். கீழ்ப்பக்கத்தில் வழவழவென்று கான்கிரீட் தளம் நீட்டுவதைவிடக் கல் அடுக்கினால் நல்லது. அரிப்பு வந்தால் கல் சரிந்து பொருந்திக்கொள்ளும், மீனுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும்.

கீழ்ப்பக்கத்தில் இப்போது அரித்து உண்டான மடு இருக்கிறதல்லவா, வேலை முடிந்ததும் அதை மண் போட்டு நிரவிவிடத் துடிப்பார்கள். முழுக்க நிரவ விடாதீர்கள். சித்திரையில் அந்த வட்டாரத்தில் தண்ணீர் நிற்கிற இடம் அது ஒன்றாகவே இருக்கலாம். அடுத்த ஆனியில் வயலுக்கு ஏற வேண்டிய விராலும் கெளுத்தியும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். கட்டடத்தை ஒட்டிய பகுதியை மட்டும் கல் போட்டு உறுதியாக்கிவிட்டு, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி மடுவை அப்படியே விட்டால் போதும்.

காலம். நம் பக்கத்தில் வாய்க்காலுக்குள் வேலை செய்யக் கிடைப்பது பிப்ரவரியிலிருந்து மே வரைதான். ஜூன் 12 இருக்கிறதே என்று ஒப்பந்தக்காரர் கணக்குப் போடக் கூடாது. 2022-ல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். டெண்டர், மண் பரிசோதனை, நீர்வளத்துறை ஒப்புதல் எல்லாம் தைக்குள் முடிந்து, அறுவடை இயந்திரம் வெளியேறியதும் தோண்ட ஆரம்பித்தால்தான் சரிப்படும். தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவரும் பெட்டிகளை வைத்தால் நாள் மிச்சமாகும். ஆனால் 5 மீட்டர் ஒரே கண்ணுக்கு எடை அதிகம், பெரிய கிரேன் வர வழி வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பாதியாகச் சாலையை விட்டு அங்கேயே வார்க்கலாம். மாற்றுப்பாதைக்காக வாய்க்காலுக்குக் குறுக்கே போடும் மண்ணை வேலை முடிந்ததும் அள்ளுவதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். அந்த மண்தான் பல இடத்தில் புதுப் பாலத்துக்கு முன்னாலேயே அடைப்பாக நிற்கிறது.

இரண்டு எச்சரிக்கை. உங்கள் வாய்க்கால் வடிகால் மட்டுமா, கீழே யாருக்காவது பாசனமும் தருகிறதா என்று பாருங்கள். டெல்டாவில் மேலே வடிகிற தண்ணீர் கீழே பாசனம். மதகு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி நிற்கப் பழைய கல்வெர்ட்டின் நெருக்கடியை நம்பி யாராவது பாய்ச்சிக்கொண்டிருந்தால், அதைத் திறந்துவிட்டதும் அவருக்குத் தண்ணீர் ஏறாது. அவர் மதகுக்கு வழி செய்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். அடுத்தது, கீழே உள்ள அடுத்த கல்வெர்ட்டு. உங்கள் இடத்தைத் திறந்துவிட்டால் வெள்ளம் அங்கே போய் முட்டும், பக்கத்து ஊர்க்காரர் வயலில் தேங்கும். வடிகால் ஆற்றில் சேரும்வரை நடந்து, ஒவ்வொரு கடப்பின் அகலத்தையும் அளந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். இன்னும் கிழக்கே, கடல்நீர் ஏறும் பகுதியில் இருப்பவர்கள் தரையைத் தாழ்த்துவதற்கு முன் கடைமடை ரெகுலேட்டரின் நிலையையும் பார்க்க வேண்டும். உப்புத்தண்ணீர் உள்ளே ஏறினால் லாபத்தைவிட நஷ்டம் பெரிது.

மனுவை நெடுஞ்சாலைத்துறை, நீர்வளத்துறை இரண்டுக்கும் கொடுங்கள். மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இரண்டு துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள், அங்கே பேசினால் ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாது. கிராமசபைத் தீர்மானம் ஒன்றும் கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தண்ணீர் மட்டத்தை ஒரே நேரத்தில் அளந்து, தேதியோடு படம் எடுத்து வைத்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கல்வெர்ட்டு செய்யும் குற்றம்.

ஊருக்குள்ளும் ஒரு பேச்சு நடந்தாக வேண்டும். எவ்வளவு அகலமாகக் கட்டினாலும், புதுத்தண்ணீர் வரும் முதல் வாரங்களில் அதன் வாயில் கரைக்குக் கரை வலை கட்டினால் ஒன்றும் ஏறாது. மீன்பாசி ஏலம் எடுப்பவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசி, ஏறும் மீனை விட்டுவிட்டு இறங்கும் மீனைப் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வடியும்போது மீன் பெருத்திருக்கும், அவர்களுக்கும் நஷ்டமில்லை. சினை மீனைப் பிடிப்பவர் அடுத்த வருஷத்து மீனையும் சேர்த்தே பிடிக்கிறார். வயலில் அடிக்கிற பூச்சிமருந்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். மீன் ஏறி வந்து சாவதற்கு ஏறாமலே இருக்கலாம்.

பணம் இல்லை, குழாய்தான் என்று கடைசிவரை பிடிவாதமாக நின்றால் குறைந்தபட்சம் இதைக் கேளுங்கள்: இரண்டுக்கு மூன்று குழாய், 120-க்குப் பதில் 150 சென்டிமீட்டர். மூன்றில் ஒன்றை மட்டும் மற்றவற்றைவிட 40 சென்டிமீட்டர் தாழ்த்திப் பதித்து, அதன் அடியில் கல்லும் மண்ணும் நிரப்பிவிட வேண்டும். தண்ணீர் குறைந்த நாளில் ஓட்டம் முழுவதும் அந்த ஒன்றில் சேரும், மீனுக்கு அதுவே பாதை. கீழ்ப்பக்கத்துப் படியைக் கல் அடுக்கிச் சரிவாக்க வேண்டும், ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு இருபது மீட்டர் என்ற கணக்கில் மெதுவாக. இது சாலைக்கும் பயிருக்கும் பாதி நிவாரணம்தான். அதனால் முதல் மனுவில் குழாயைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். 5 மீட்டர் பெட்டியை மட்டும் எழுதி, அளந்த மட்டங்களை இணைத்து, ஐப்பசிக்குள் கொடுத்துவிடுங்கள்.